ஈரப்பதமும் இரண்டாவது அம்பும்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் உறக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் என்று மனநலப் பிரிவுக்கு வரும் டெல்டா விவசாயிகள் பலரும் நெல்லை விற்கக் காத்திருப்பவர்களாகவே இருக்கிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், தளர்வு அறிவிக்கப்பட்டாலொழிய, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை எடுக்கமாட்டார்கள். ஆகவே களத்தில் கொட்டி, கிளறிக் காயவைத்து, மேகம் கூடினால் தார்ப்பாயால் மூடி, விடிந்ததும் மீண்டும் விரிக்க வேண்டும். குவியலுக்கு அருகிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நள்ளிரவில் தூறல் விழுந்ததுபோல் தோன்றி விழிப்புத் தட்டுகிறது. தொட்டுப் பார்த்தால் தார்ப்பாய் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்குள் சங்கத்துக் கடன், குத்தகை பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணம், ‘அன்றைக்கே வியாபாரியிடம் தள்ளியிருக்கலாமே’ என்ற மைத்துனரின் பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. பிறகு விடியும்வரை உறக்கமில்லை.

சங்யுத்த நிகாயம் என்ற பாலி மொழிப் பௌத்த நூல்தொகுப்பில் அம்பைப் பற்றிய ஒரு சுத்தம் (புத்தரின் உரை) உண்டு. ஓர் அம்பு தைத்தவனை உடனே இன்னோர் அம்பும் தைப்பதைப்போல, பயிற்சியற்றவன் உடலின் வலியோடு மனத்தின் புலம்பலையும் சேர்த்து அனுபவிக்கிறான். பயின்றவனுக்கு வலி ஒன்றுதான் என்கிறார் புத்தர். மேற்சொன்ன விவசாயியின் இரவில் எது முதல் அம்பு, எது இரண்டாவது என்று பிரித்துப் பார்ப்பதே அன்றாடத் தியானப் பயிற்சியின் பெரும்பகுதி என்பது என் கருத்து. முதல் அம்பைப் பிடுங்கத் தியானத்தால் முடியாது. அதற்குச் சாக்குத் தட்டுப்பாடு தீர வேண்டும், எடை தாமதமின்றி நடக்க வேண்டும், பணம் உரிய நாளில் வரவு வைக்கப்பட வேண்டும். மூச்சைக் கவனித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவரிடம் உபதேசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘இது வேறு மதத்தார் செய்வதல்லவா?’ என்று தயங்குவோரும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்ற பௌத்தத் துறவி காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் (பௌத்த மடத்தில்) தங்கி நூல் எழுதியதும், நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்ததும் இந்த மண்ணில்தான் நடந்தன. இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் எட்டு வாரத் தியானப் பயிற்சியோ 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது; அதில் மதச் சடங்கு எதுவும் கிடையாது.

பயிற்சியைத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, அது முடியாதபோது ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். விழிப்புடன் கவனிப்பதைக் கற்பிக்கும் புத்தரின் உரையான சதிபட்டான சுத்தம் அப்படிக் கேட்கவே இல்லை. சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்று அறிந்தால் போதும் என்கிறது. கட்டிலின் விளிம்பில் பாதங்கள் தரையில் படும்படி அமர்ந்து, கண்களைத் தாழ்த்தி, ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். நீண்டு வந்தால் நீளம், குறுகி வந்தால் குறுக்கம் என்று தெரிந்தால் போதும். மைத்துனரின் குரல் வந்துவிட்டதா? அதற்குப் பதில் சொல்லப் போகாமல், ‘பேச்சு’ என்று பெயரிட்டுவிட்டு வயிற்றின் அசைவுக்குத் திரும்புங்கள். கடன் வந்தால் ‘கணக்கு’. ஐந்து நிமிடத்தில் இருபது முறை திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியல்ல. அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. உறக்கம் வருகிறதா என்று நடுவில் சோதிப்பவர்களுக்கு இருக்கிற உறக்கமும் போய்விடும். உட்காரப் பொறுமையில்லாதவர்கள் வரப்பில் நடக்கும்போது ஈர மண்ணில் பாதம் பதிவதையும் எடுபடுவதையும் கவனிக்கலாம். நடப்பது, உண்பது, உடுத்துவது எல்லாவற்றையும் அந்தச் சுத்தமே பயிற்சிக்குள் சேர்த்திருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. 2004 சுனாமியிலோ 2018 கஜா புயலிலோ உயிர் தப்பியவர்களில் சிலருக்குக் கண்ணை மூடியதும் அலையும் காற்றின் இரைச்சலும் திரும்பி வருகின்றன. அவர்கள் கண்களைத் திறந்தபடி, பாதங்களையும் சுற்றிலும் கேட்கும் ஓசைகளையும் கவனிப்பதே பாதுகாப்பானது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர் பத்து நாள் மௌன முகாம்களுக்குப் பெயர் கொடுக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முகாமுக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. மனச்சோர்வுக்கெனத் தனியே உருவான எட்டு வாரத் தியானப் பயிற்சியும் முதன்மையாக, பலமுறை சோர்வுற்றுத் தேறியவர்களுக்கு அது மீண்டும் வராமல் தடுக்க வகுக்கப்பட்டதேயன்றி, நோய் உச்சத்தில் இருக்கும்போது மருந்துக்கு மாற்றாக அல்ல.

‘இனி இருந்து என்ன பயன்’ என்று வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால், அவரைத் தியானத்தில் உட்காரவைக்க வேண்டாம். பூச்சிமருந்து டப்பாக்களை அன்றே வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அவரைத் தனியே விடாமல், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.