கோட்டை மதிலில் வைத்த ஜன்னல்

பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, "கட்டின பிறகு எங்கெல்லாம் உடைச்சீங்க?" என்றுதான். விரிசலைக் காட்ட எல்லோரும் முந்துவார்கள். உடைத்த இடத்தைச் சொல்லத் தயங்குவார்கள். அந்தக் கேள்வியை விடக்கூடாது என்று எனக்கு உணர்த்தியது கொல்கத்தாவின் பழைய வில்லியம் கோட்டை.

ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1696-இல் அதைக் கட்டத் தொடங்கியது. நான்கு மூலையிலும் மதிலைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடையான கொத்தளம், ஆற்றுப் பக்கம் கனமான பீரங்கி வரிசை. ஆனால் கொத்தளங்களை இணைத்த செங்கல் மதில் சுமார் 4 அடி கனம், 18 அடி உயரம்தான். மதிலை ஒட்டி உள்ளே அறைகள். அந்த அறைகளின் மொட்டை மாடிதான் வீரர்கள் நின்று சுட வேண்டிய மேடை. அறைகளுக்காக மதிலையே பல இடங்களில் துளைத்து ஜன்னல் வைத்தார்கள்.

1747-இல் தெற்கு மதிலுக்கு வெளியே, அதை ஒட்டியே பண்டகசாலை கட்டினார்கள். ஒரு கொத்தளத்தை நெருங்கி வருபவனை அடுத்த கொத்தளத்துப் பீரங்கிதான் சுட வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. பண்டகசாலை குறுக்கே வந்ததும் தெற்கிலிருந்த இரண்டு கொத்தளங்களும் ஒன்றுக்கொன்று உதவாமல் போயின. அதன் கூரையோ சின்னப் பீரங்கியை மட்டுமே தாங்கும். கிழக்கே தேவாலயமும் கம்பெனிக்காரர்களின் மாளிகைகளும் நெருக்கமாக எழும்பின. அவற்றின் மாடியில் ஏறினால் கோட்டைக்குள் சுடலாம்.

மராத்தியருக்குப் பயந்து 1742-இல் ஊரைச் சுற்றித் தோண்டத் தொடங்கிய அகழியும் சுமார் மூன்று மைலோடு நின்றுவிட்டது.

1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் படை வந்தது. 18-ஆம் தேதி வெளிக்காவல்கள் விழுந்தன. 19-ஆம் தேதி கம்பெனியின் ஆளுநர் டிரேக் கப்பலேறித் தப்பிவிட்டார். 20-ஆம் தேதி கோட்டை போயிற்று. அதை மீட்க மதராஸிலிருந்து கம்பெனித் தளபதி கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் போனார்கள். நவாபின் படை மிகப் பெரியது. மதில் ஒழுங்காக இருந்திருந்தாலும் விழுந்திருக்கலாம். ஆனால் அதன் பலத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது உள்ளே இருந்தவர்களின் வசதிதான் என்பது என் கணிப்பு.

1758-இல் புதுக் கோட்டையைத் தெற்கே தள்ளி, கோவிந்தபூர் கிராமத்தையே அப்புறப்படுத்திவிட்டுத் தொடங்கினார்கள். இந்த முறை சுற்றிலும் எதையும் கட்டவிடாமல் வெட்டவெளியாக வைத்தார்கள். இன்றைய மைதான் அதுதான். ஊரைவிட்டுப் போன கோவிந்தபூர்க்காரர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும்.

சில வருடங்களுக்கு முன் நூறு வயது தாண்டிய ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மாடிச் சுவரில் கை நுழையும் அளவு விரிசல். விசாரித்தால், தாத்தா காலத்தில் சமையலறைக்கு வழி வேண்டுமென்று கீழே சுமை தாங்கும் சுவரை ஆறடி அகலத்துக்கு உடைத்திருக்கிறார்கள். அப்புறம் அப்பா மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தார். ஆயிரம் லிட்டர் நிரம்பினால் ஒரு டன். பிறகு மகன் ஏசி குழாய்க்குத் துளை போட்டார், சுவர் ஓதம் காத்ததும் சிமென்ட் பூசினார். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஒவ்வொருவர் செய்ததற்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

உங்களிடம் அப்படி ஒரு வீடு இருந்தால், சம்மட்டியை எடுக்கும் முன் மேலே உத்திரங்கள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். முட்டுக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட உருவ விடாதீர்கள். கொத்தனார் "ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும், பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். இதுவரை உடைத்தது, ஏற்றியது, பூசியது எல்லாவற்றையும் வருடத்தோடு ஒரு தாளில் எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.