காய்ச்சலோடு நின்றுபோன வாக்கியம்

குன்னூரில் ஆங்கிலப் பாடம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொடுத்த லீவ் லெட்டர் இப்படித் தொடங்கியது: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ அங்கேயே முற்றுப்புள்ளி. அடுத்த வரி, ‘ஸோ கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்.’

அவன் அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். “வீட்டுல தமிழ்லயே பேசுறோம் டீச்சர், அதான் இவனுக்கு இங்கிலீஷ் வரல” என்று வருத்தப்பட்டார். நிறையப் பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

பையனிடம் கேட்டேன். “‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’னு சொல்லி நிறுத்திட்டா?”

“அப்புறம் என்னன்னு கேப்பாங்க டீச்சர்.”

அதேதான். ‘இருப்பதால்’ என்பதில் ‘ஆல்’ செய்யும் வேலையை அங்கே ‘ஆஸ்’ செய்கிறது. தமிழில் கடைசியில் ஒட்டுவது, ஆங்கிலத்தில் முதலிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் வாக்கியம் பாதியில் தொங்குவது பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. ‘ஆல்தோ’வும் இப்படித்தான். ‘மழை பெய்தாலும் பஸ் வந்தது’ என்பதற்கு நடுவே யாரும் ‘ஆனால்’ போடமாட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் தி பஸ் கேம்’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘பட்’ வேண்டாம்.

தமிழ்க் காது கைகொடுக்காத இடமும் உண்டு. ‘என் அப்பா டிரைவர்’ தமிழில் முழு வாக்கியம், வினையே தேவையில்லை. ‘மை ஃபாதர் டிரைவர்’ அப்படி நிற்காது, ‘இஸ் எ’ வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை ரயிலை வைத்துச் சொல்வேன். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்றும் கடைசியில்தான். ஆங்கிலத்தில் அந்த எஞ்சின் எழுவாயை அடுத்து, முன்பக்கமே மாட்டியிருக்கும். எஞ்சின் இல்லாமல் அங்கே எந்த வாக்கியமும் நகராது.

தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று தமிழ் வகுப்பில் படித்ததற்கு ஏறக்குறைய இணையானவைதான் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். புதுப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அந்த அம்மாவிடம், “தமிழ்லயே பேசுங்கம்மா” என்றேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இப்போது மகன் எழுதியதை ஒவ்வொரு புள்ளி வரைக்கும் தமிழில் சொல்லச் சொல்கிறார். ‘அப்புறம்?’ என்று கேட்கத் தோன்றினால், அந்தப் புள்ளியைக் கமாவாக்கச் சொல்கிறார்.