பாதியில் விட்ட படிப்பு: சேர்த்த கிரெடிட்டை வேறு பட்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

முதல் ஆண்டிலேயே பாடம் ஒத்துவராமலோ, உடம்பு முடியாமலோ, வீட்டு நிலைமையாலோ கல்லூரியை விட்டவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். இந்த முறை வேறு பட்டம். முன்பு படித்தது அப்படியே வீணா? இந்தியாவில் இதற்கென்று விதி இருக்கிறது. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமாக ஏபிசி. பெயரில் பேங்க் இருந்தாலும் பணம் கிடையாது. பாஸ் செய்த பாடங்களின் கிரெடிட்தான் கணக்கில் ஏறும்.

ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 மணி நேர வகுப்பு. லேப் என்றால் 30 மணி நேரம். யுஜிசி கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120. அரியர் வைத்த பேப்பருக்கு கிரெடிட் இல்லை. ஆறு பேப்பர் எழுதி நாலில் தேறியிருந்தால் நாலின் கிரெடிட் மட்டும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. 2021-22 கல்வியாண்டிலோ அதற்குப் பிறகோ, ஏபிசியில் பதிந்த நிறுவனத்தில் படித்ததுதான் கணக்கில் வரும். அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுதான் செல்லும். 2022 மே மாதம் தேறிய பேப்பர் 2029 மே மாதத்துக்குப் பிறகு உதவாது.

கணக்கு தொடங்குவது எளிது. ஆதார் இணைத்த டிஜிலாக்கரில் (அரசின் ஆவணச் செயலி) ஏபிசி அல்லது 'அபார்' (மாணவர் அடையாள எண்) என்று தேடி, கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் பெயர், சேர்ந்த ஆண்டு, பதிவு எண் கொடுத்தால் 12 இலக்க எண் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மார்க் ஷீட்டை நாமே ஏற்ற முடியாது. பழைய நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் கோளாறு பெயரில் இருக்கும்: ஆதாரில் இனிஷியல் விரிவாக, மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக, அல்லது பிறந்த தேதியில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். எண் இருந்தும் கிரெடிட் பூஜ்யம் என்று காட்டினால், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் பதிவு எண், 12 இலக்க எண், செமஸ்டர் வாரியான மார்க் ஷீட் நகல்களோடு எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் வேலை நகராது.

கணக்கில் 40 இருக்கிறது என்பதற்காகப் புதிய கல்லூரி 40-ஐயும் ஏற்க வேண்டியதில்லை. ஏமாற்றம் வருவது இங்கேதான். பி.எஸ்சி. கணிதத்தில் ஓராண்டு முடித்தவர் பி.காம். போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் கல்வி போன்ற பொதுப் பேப்பர்கள் சுலபமாக ஏறும். புள்ளியியல் அல்லைடாக (துணைப்பாடமாக) இருந்தால் பி.காம். புள்ளியியலுக்கு ஈடாக ஏற்கப்பட வாய்ப்பு உண்டு. கால்குலஸும் அல்ஜிப்ராவும் பி.காம். கோர் (முதன்மைப் பாட) பேப்பர் எதற்கும் ஈடாகாது. ஆக 40-ல் ஏறுவது 14, 16 என்று நின்றுவிடலாம். நேராக இரண்டாம் ஆண்டில் உட்காரலாம் என்ற கணக்கு அங்கேயே உடைகிறது. முதலாண்டு கணக்கியல் பேப்பர்களை உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் காலியிடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அதனால் பணம் கட்டும் முன்னரே துறைத் தலைவரிடம் பழைய சிலபஸைக் கொடுங்கள். பாடத்தின் பெயர் மட்டும் போதாது. யூனிட் வாரியான உள்ளடக்கம், மணி நேரம், கிரெடிட் மூன்றும் தெரிய வேண்டும். எந்தப் பேப்பருக்கு எது ஈடு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'சேருங்க, அப்புறம் பாத்துக்கலாம்' என்ற பதிலை நம்பிச் சேராதீர்கள்.

எவ்வளவு கொண்டுவந்தாலும், பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்துக்கு அது 60. ஒருமுறை ஒரு சான்றிதழுக்கோ பட்டத்துக்கோ பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து கழிந்துவிடும். இன்னொன்றுக்கு மறுபடி காட்ட முடியாது.

விட்டுப் போகும்போதே ஒரு சான்றிதழ் வாங்கலாம் என்றும் சொல்வார்கள். 2022 டிசம்பர் யுஜிசி கட்டமைப்பின்படி, முதலாண்டில் 40 கிரெடிட் எடுத்து, கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடித்தால் சான்றிதழ் உண்டு. மூன்றாண்டுக்குள் திரும்பிச் சேர்ந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் முடிக்க வேண்டும். இந்தக் கட்டமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. எனவே மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இந்த வழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படிப்பை நிறுத்தாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் என்ன சொல்கிறது என்பதே முடிவு.

பழைய கல்லூரியில் டி.சி., நன்னடத்தைச் சான்று, எல்லா மார்க் ஷீட், பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன் சான்றிதழ் வாங்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டவர்கள் இடைநின்ற காலத்துக்குக் காரணக் கடிதமும், மருத்துவக் காரணமென்றால் அந்தச் சான்றும் வைத்திருப்பது நல்லது. 'மீதி ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டி.சி.' என்று யாராவது சொன்னால், 2018 அக்டோபர் யுஜிசி அறிவிப்பை எடுத்துக்காட்டுங்கள். படிக்கும் செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ மட்டுமே முன்பணம் வாங்கலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது.

புதிய இடமும் சரிவரவில்லை என்றால் அதே அறிவிப்பு கட்டணத்துக்கும் உதவும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத் தொகை (செயலாக்கக் கட்டணமாக 5%, அதிகபட்சம் ரூ.5,000 கழித்து), கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90%, கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%, அதன் பிறகு ஒன்றுமில்லை. காஷன் டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது. விலகல் கடிதத்தில் தேதி போட்டு, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் படி இறங்கிவிடும்.

தகராறு வந்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். 2023 விதிப்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்மனிடம் (மாணவர் குறைகளை விசாரிக்கும் அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். அங்கே கிடைக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள், தொடர்ந்து கேட்க அது வேண்டும்.