பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்

பின்மூடியில் '500-ல் ஒன்று' என்று பொறித்திருந்தாலே அந்த வாட்ச் பின்னாளில் விலையேறும் என்று நம்பி வாங்குபவர்கள் நிறைய. அதே வாட்ச் நான்கு டயல் நிறங்களில் தலா 500 வந்திருந்தால் மொத்தம் 2,000. பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்.

நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகை டயலை யாரும் எண் போட்டு வெளியிடவில்லை. அன்றைக்கு விலைபோகாததால்தான் இன்று அரிது. சேகரிப்பவர்கள் தேடுவது பிறந்த உருவம் கெடாத வாட்சை. அது பெரும்பாலும் கெடுவது சர்வீஸ் மேசையில்தான்.

பட்டையைப் பிடிக்கும் லக்கின் விளிம்பில் சாய்வாகச் சீவிய ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு இருக்கும். துணிச் சக்கரத்தில் பாலிஷ் போடும்போது கீறலோடு உலோகமும் போகிறது. இரண்டு மூன்று முறையில் கோடு மழுங்கி வளைந்துவிடும். லக்கில் துளை இருந்தால் அது விளிம்பை நெருங்கியதுபோலத் தெரியும். கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, தங்கம் என்றால் அதில் குத்திய தர முத்திரையும் கரையும். லேசர் வெல்டிங்கில் உலோகம் சேர்த்து வடிவத்தை மீட்கலாம். அசல் பரப்பு திரும்பாது.

டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்றிருந்தால் ஒளிப்பூச்சில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு. 1970-களின் வாட்சில் இப்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அது இருட்டில் மணிக்கணக்கில் ஒளிர்ந்தால் பூச்சு புதிது. டயல் புள்ளிகள் பழுப்பேறி முட்கள் மட்டும் வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அதற்கும் பழைய ரேடியம் டயல் என்றால் கேஸைத் திறந்து சுரண்டவே கூடாது: ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு ஓயவில்லை, அந்தத் தூசி மூச்சில் போனால் ஆபத்து.

இதற்குப் பயந்து சர்வீஸையே தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் வறண்டால் சக்கர அச்சுகள் தேயும். கொடுக்கும் முன் டயலையும் நான்கு லக்குகளையும் படமெடுங்கள். ரசீதில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: பாலிஷ் வேண்டாம், கேட்காமல் டயலையோ முள்ளையோ மாற்ற வேண்டாம், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவதைச் சில சர்வீஸ் மையங்கள் ஏற்பதில்லை. மறுத்தால் வேலை தொடங்கும் முன்பே வாட்சைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டி அட்டையை வைத்திருக்கும் பெட்டியிலேயே, செயினை அளவுக்குக் குறைத்தபோது கழற்றிய கண்ணிகளையும் போட்டு வையுங்கள்.