பால்வீதியை வெளியே நின்று யாரும் படம் எடுத்ததில்லை

போன தவணை எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தரம் 10 மாணவி ஒருத்தி, போனிலேயே வரைந்த சுருள் விண்மீன் பேரடை (கோடிக்கணக்கான விண்மீன்களின் பெருங்கூட்டம்) ஒன்றைக் கொண்டுவந்தாள். மஞ்சள் நடுப்பகுதி, அதைச் சுற்றிச் சுருண்டு நீளும் நீலக் கைகள், இடையிடையே இளஞ்சிவப்புப் பொட்டுகள். லயத்து வாசலில் உட்கார்ந்து மூன்று இரவு வரைந்திருக்கிறாள். அழகான வேலை. ஆனால் கீழே, 'நாசா எடுத்த பால்வீதியின் புகைப்படம்' என்று எழுதியிருந்தாள்.

"நீ வரைந்ததுதானே பிள்ளை?"

"ஆமா சேர். பார்த்து வரைஞ்ச படம் நாசா எடுத்தது."

பதினைந்து வருடமாக மலையகத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களிலும் இதே தவறைப் பார்க்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு வரி எழுதினால் போதும், பேரடை ஒன்று வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பால்வீதி என்ற நம் பேரடையின் குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு. மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, அதற்குள்ளேயே நாம் இருக்கிறோம். மனிதர் அனுப்பியவற்றில் மிகத் தொலைவு போனது 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம். ஏறத்தாழ ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரத்தைத்தான் அது இத்தனை வருடத்தில் எட்டியிருக்கிறது. வெளியே போய்த் திரும்பிப் பார்த்துப் படம் எடுக்க வழியே இல்லை.

அந்த மாணவி பார்த்து வரைந்தது, நாசாவின் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளை வைத்து வானியலாளர் ரொபர்ட் ஹர்ட் 2008இல் வரைந்த ஓவியம். அது வெறும் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். விடிகாலை மூடுபனிக்குள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு முழுத் தோட்டத்துக்கும் வரைபடம் போடச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படிப்பட்ட வேலை அது. விண்வெளித் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்துவிடும். அகச்சிவப்பும் வானொலி அலைகளும் ஊடுருவி வரும், அவற்றை வைத்துத்தான் கைகள் எங்கே என்று அளக்கிறார்கள். மையத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் மிகக் குறைவாக அளக்கப்பட்ட பகுதி.

பேரடையின் சுருள் வடிவத்தை முதலில் பிடித்துக் காட்டியதும் ஒரு ஓவியம்தான். 1845இல் அயர்லாந்தில் ரொஸ் பிரபு, 1.8 மீற்றர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து, எம்51 என்ற பேரடையைப் பென்சிலால் வரைந்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ளது என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அப்புறம் அந்தக் கைகள். சூரியன் பால்வீதியின் மையத்தை ஒரு சுற்று வர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றி முடித்துவிடும். கைகள் விண்மீன்களோடு ஒட்டியவையாக இருந்தால், நூல்கட்டையில் நூல் சுற்றியது போல எப்போதோ இறுகியிருக்கும். லின், ஷூ என்ற இரு விஞ்ஞானிகள் 1964இல் தந்த விளக்கம் 'அடர்த்தி அலை'. கினிகத்தேனை ஏற்றத்தில் பாரலொறி ஒன்று முக்கி முனகி ஏறுகிறது, பின்னால் வாகனங்கள் நெருங்குகின்றன. ஒவ்வொன்றாக முந்திப் போய்விடும், புதியவை வந்து சேரும், நெரிசல் மட்டும் அப்படியே இருக்கும். சுருள் கையும் அப்படியொரு நெரிசல். அங்கே வாயு நெருக்கப்பட்டுப் புது விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரியவை மிகச் சூடானவை, நீலமாக எரிந்து, சில மில்லியன் ஆண்டுகளில், கையைத் தாண்டிப் போகுமுன்பே அழிந்துவிடும். கைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான். இளஞ்சிவப்பு, ஒளிரும் ஐதரசன். நடுவில் மஞ்சள், வயதான விண்மீன்கள். பிள்ளைகள் இதை அறிந்து நிறம் தீட்டவேண்டும் என்பது என் ஆசை. ஊதாவும் பச்சையும் போட்டாலும் பரவாயில்லை, அதைப் புகைப்படம் என்று எழுதாமல் இருந்தால் சரி.

பேரடை ஒன்றை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், மேகமில்லாத ஜனவரி இரவில், ஏழு மணிபோல, தொழிற்சாலை வெளிச்சம் படாத இடத்துக்குப் போய் வடமேற்கே பாருங்கள். மங்கலான பஞ்சுத் துணுக்கு போல அன்ட்ரோமீடா தெரியும். 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள சுருள் பேரடை அது. வெறும் கண்ணுக்கு நிறமும் கைகளும் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவி கண்காட்சிக்கு முதல்நாள் படத்தைத் திருத்திக் கொண்டுவந்தாள். 'அளவீடுகளைக் கொண்டு வரைந்த ஓவியம்' என்று தலைப்பு மாறியிருந்தது. சூரியனுக்கு ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். மையத்துக்கு அப்பால் இருந்த கைகளின் மேல் வெள்ளையாக மூடுபனி போட்டு, 'இன்னும் அளந்து முடியவில்லை' என்று எழுதியிருந்தாள்.