ஃபிஷிங்: மீன்தூண்டிலும் மின்தூண்டிலும்

ஆங்கிலத்தில் மீன்பிடிப்பதைக் குறிக்கும் சொல் எஃப் எழுத்தில் தொடங்கும். வங்கிபோலவோ நிறுவனம்போலவோ நடித்து நம் ரகசியத் தகவலைக் கறக்கும் இணைய மோசடியைக் குறிக்கும் ஃபிஷிங்கோ பி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். போலி வங்கித் தளமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: பார்வைக்கு அசல், முகவரியை எழுத்துக்கூட்டிப் படித்தால் வேறு.

அந்த பி-ஹெச் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1960, 70-களில் தொலைபேசி இணைப்பகங்களை ஏமாற்றி இலவசமாகப் பேசிய ஒரு கூட்டம் இருந்தது. 2600 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பினால் தொலைதூர இணைப்பு அவர்கள் கைக்கு வந்துவிடும். ஃபோன், ஃப்ரீக் இரண்டையும் இணைத்து அந்த வேலைக்கு ஃப்ரீக்கிங் என்று பெயர் வைத்தார்கள். ஃபோனில் உள்ள பி-ஹெச் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற ஏஓஎல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம், அதன் ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொல் கேட்டவர்கள், மீன்பிடித்தலுக்கான சொல்லை அதே பாணியில் மாற்றி எழுதினார்கள். 1996-லேயே யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. அன்று அவர்கள் அனுப்பிய செய்தியின் சாரம்: உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள். இன்று வரும் 'கேஒய்சி அப்டேட்' செய்திக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகவல் திருட்டு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருடன் நமக்குத் தெரியாமல் எடுத்துப் போகிறவன். இங்கே நம்மையே எடுத்துக் கொடுக்க வைக்கிறார்கள். 'இணைய மோசடி' என்பது கடல் போன்ற சொல், அதில் எல்லா மோசடியும் அடங்கிவிடும். 'வலைவீச்சு' அழகான சொல்தான். ஆனால் தமிழ்ச் செய்தித்தாள்களில் காலங்காலமாகக் குற்றவாளியைப் போலீசார்தான் வலைவீசித் தேடுகிறார்கள். போலீசார் வீசும் வலையை மோசடிக்காரன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொருந்தும் சொல் தூண்டில்தான். தூண்டு என்ற வினையிலிருந்து வந்தது அது. அச்சம், ஆசை, அவசரம் என்று ஏதோ ஒன்றைத் தூண்டாமல் இந்த மோசடி நடக்காது. திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள் (931), சூதில் வென்ற பொருளைத் 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்கிறது. அங்கே பொன் என்பது தங்கம் அல்ல, இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பு முள். மீன் அதை இரை என்றே நினைத்து விழுங்குகிறது. ஃபிஷிங்குக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மின்தூண்டில். மீனில் நெடிலைக் குறிலாக்கினால் மின். ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றிச் செய்த வேலையைத் தமிழ் ஒரு மாத்திரையைக் குறைத்துச் செய்துவிடுகிறது. வினையாக வேண்டுமானால் தூண்டிலிடுதல். பேச்சுவழக்கில் 'போட்டு வாங்குறது' என்போமே, தெரிந்ததுபோல் ஒன்றைச் சொல்லி நம் வாயிலிருந்தே விஷயத்தைக் கறப்பது, அதுவும் இதன் நெருங்கிய உறவுதான். ஸ்மிஷிங், விஷிங், குவிஷிங் என்று கிளைப்பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. குறுஞ்செய்தித் தூண்டில், குரல் தூண்டில், கியூஆர் தூண்டில் என்றால் போதும்.

இரை நாளுக்கு நாள் மாறும், அதனால் முள்ளைப் பார்க்கப் பழக வேண்டும். இணையதளத்தில் முள் இருக்கும் இடம் முகவரிப் பட்டை. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் டாட் காம், டாட் இன் போன்ற வாலோடு கடைசியாக நிற்கும் பெயர்தான் தளத்தின் உரிமையாளர் யார் என்று சொல்லும். அதற்கும் முன்னால் உங்கள் வங்கியின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். தகவல் வழியில் ஒட்டுக்கேட்கப்படாது என்பதுதான் அதன் பொருள், மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதல்ல. 2023-இல் குரோம் உலாவி அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. இந்திய வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்ததும் இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

என் பெரியப்பாவுக்கு ஒரு செய்தி வந்தது. போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். சாதாரணப் பத்து இலக்க எண். கூப்பிட்டிருக்கிறார். திரையைப் பகிரும் ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். டேட்டா தீர்ந்திருந்ததால் தப்பினார். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்.

"பணந்தான் போகலையேப்பா, இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

இங்கேதான் எனக்குச் சொல் முக்கியமாகப் படுகிறது. 'ஏமாந்துட்டேன்' என்றால் குற்றம் மீன் மேல் விழுகிறது, வெட்கம் வாயை அடைக்கிறது. 'தூண்டிலிட்டான்' என்றால் எழுவாய் அவன். மீன் சிக்காவிட்டாலும் அவன் செயல் முடிந்துவிட்டது, புகாருக்கு அது போதும்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால் நிமிடங்களுக்கு மதிப்புண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். தவறு நம் கவனக்குறைவாகவே இருந்தாலும், தகவல் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. மின்னஞ்சல் என்றால் ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவிலேயே ஃபிஷிங் என்று புகாரளிக்கும் வசதி உண்டு. போலித் தளத்தைக் ஆபத்தான தளங்களைப் பட்டியலிடும் கூகுளின் சேஃப் பிரவுசிங் சேவையில் தெரிவித்து அது உறுதியானால், குரோமில் மட்டுமல்ல, ஃபயர்ஃபாக்ஸிலும் சிவப்பு எச்சரிக்கை வரும்.

பணம் போகாத தூண்டிலைப் புகாரளிக்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்‌ஷு என்ற பகுதி 2024 மார்ச்சில் வந்தது. அப்புறம் பெரியப்பாவும் நானும் உட்கார்ந்து அதைத் திறந்தோம். எந்த வகை மோசடி என்று கேட்ட பட்டியலில் வங்கி, மின்சாரம், கேஸ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. "நமக்கு மட்டும் வரலை போலிருக்கே" என்றவர், அதைத் தன் விரலாலேயே தொட்டார்.