இமை தொங்குதுன்னு ஆபரேஷன் கேக்குறதுக்கு முன்னாடி

வீட்ல கல்யாணம் வருதுன்னா இந்த கேள்வியோட வர்றவங்க ஜாஸ்தி, "டாக்டர், போட்டோல எப்பவும் தூங்கி வழியுற மாதிரியே இருக்கேன், இந்த இமைய கொஞ்சம் சரி பண்ண முடியுமா?" முடியும். மேல் இமைல தொங்குற தோலை எடுத்துட்டு மடிப்புலயே தையல் போடுறோம், பிளெஃபரோபிளாஸ்டின்னு பேரு, பெரும்பாலும் மரத்துப்போற ஊசி போட்டே முடிச்சுரலாம், ஒரு வாரத்துல தையல் பிரிப்போம், வீக்கமும் கன்னிப்போனதும் அடங்க ரெண்டு வாரமாவது ஆகும்.

ஆனா நான் மொதல்ல நெத்திய தளர்த்தச் சொல்லி, புருவத்த விரலால லேசா மேல தூக்கிப் பாப்பேன். சில பேருக்கு அப்பவே கண்ணு பளிச்சுன்னு ஆயிடும். அவங்களுக்கு இறங்குனது புருவம், அத கவனிக்காம இமைத்தோலை மட்டும் வெட்டினா புருவம் இன்னும் கீழ வரலாம். வேற சிலருக்கு இமைய தூக்குற தசை தளர்ந்து, இமையோட ஓரமே கருவிழி மேல இறங்கியிருக்கும், அது டோசிஸ், அதுக்கு ஆபரேஷனே வேற. காலைல நல்லா இருந்துட்டு சாயங்காலம் ஆக ஆக இமை விழுது, ஒண்ணு ரெண்டா தெரியுதுன்னா நரம்போட உத்தரவு சரியா போய்ச் சேராம தசை சீக்கிரம் சோர்ந்துபோற மயஸ்தீனியா நோயான்னு பாக்காம கத்திய தொடவே கூடாது. திடீர்னு ஒரு பக்கம் மட்டும் விழுந்து தலைவலியும் சேந்துச்சா, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போங்க.

"நல்லா டைட்டா எடுத்துருங்க"ன்னு கேக்குறவங்கள பாத்தாதான் எனக்கு கவலை. புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவுல சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்சணும், இல்லன்னா தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது, கருவிழி காய்ஞ்சு புண்ணாயிரும். கண் வறட்சி, தைராய்டு, கண்ணாடி வேணாம்னு லேசர்ல லேசிக் பண்ணது எதையும் மறைக்காதீங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை சாப்பிடுறவங்க நீங்களா நிறுத்தாதீங்க, ஹார்ட் டாக்டர்ட்ட கேட்டுட்டுதான். கருவளையம் போயிடும்னு கீழ் இமைக்கு கேக்குறாங்க, தோலோட நிறம்தான் கருப்புன்னா ஆபரேஷன்ல அது போகாது.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி கடுமையான வலி, கண்ணு முன்னாடி பிதுங்குறது, பார்வை மங்குறது இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் தேங்கி நரம்ப அழுத்துனா பார்வையே நிரந்தரமா போயிரும், ரொம்ப அபூர்வம்தான், ஆனா அங்க நேரம்தான் எல்லாம். அதனால தேதி குறிக்கும்போதே கேட்டு வாங்கிக்கோங்க, நடுராத்திரி கூப்பிட்டா எந்த நம்பர்ல எடுப்பாங்க, யார் வந்து பாப்பாங்கன்னு.